இளங்கோழியின் முட்டையை அடைக்கு வைக்கலாமா?

வீட்டுக் கொல்லையில் நான்கைந்து கோழிகள் வளர்ப்போர் ஆவலோடு எதிர்பார்க்கும் நாள் ஒன்று உண்டு. ஆறு ஏழு திங்களாகத் தவிட்டையும் புழுபூச்சியையும் தின்று வளர்ந்த வெடைக்கோழி, ஒரு நாள் காலையில் மூலையிற் கிடக்கும் வைக்கோலைக் காலாற் கிளறுகிறது; வட்டமிட்டு அமர்கிறது; சிறிது நேரத்திற்கெல்லாம் கொக்கரித்துக்கொண்டு வெளியே வருகிறது. வைக்கோலில் சிறியதொரு முட்டை கிடக்கிறது. அதைக் கையிலெடுக்கும் இல்லத்தரசியின் உள்ளத்தில் உடனே ஒரு கேள்வி எழுகின்றது. இதைச் சமைத்துவிடுவதா, அல்லது இத்தகைய முட்டைகளைச் சேர்த்து வைத்து அடைக்கு வைப்பதா? பெரும்பாலும் இரண்டாம் எண்ணமே வெல்கிறது. அது வெல்வது எப்பொழுது நன்மையாகும், எப்பொழுது நட்டமாகும் என்பதை இங்கே ஆராய்வோம்.

இது அற்பமான கேள்வி அன்று. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீட்டுக் கொல்லைகளில் வளரும் கோழி முதலிய பறவைகள் ஏறத்தாழ 31 கோடியே 70 இலட்சம். முந்தைய கணக்கெடுப்பைவிட இது நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் மிகுதி. ஜார்க்கண்டிலும் பஸ்தர்ப் பகுதியிலும் ஜாபுவாவின் மலைப்புறங்களிலும் உள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் கோழியே அவசரத்திற்கு உதவும் பணப்பை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளிக்கூடத்திற்குப் புத்தகம் என்றாலும், சந்தைக்குப் போவது கோழிதான். நாட்டுக்கோழியோ ஆண்டு முழுவதற்கும் ஐம்பது அறுபது முட்டைகளே இடும். அவற்றையும் மூன்று நான்கு தவணைகளாகப் பிரித்து இடும். அடையில் அமர்ந்த கோழி இருபத்தொரு நாள் முட்டையிடாது. பின்னர்க் குஞ்சுகளோடு திரியும் வாரங்களிலும் இடாது. ஆகவே, ஒரு தடவை அடை வைத்தது வீணாகுமானால், பத்துப் பன்னிரண்டு முட்டைகள் மட்டும் போவதில்லை. அக்கோழியின் ஓராண்டு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ போய்விடுகிறது.

நாமே ஒரு முறை இவ்வாறு இழந்தோம். தில்லியில் நாங்கள் குடியிருந்த அரசாங்க வீட்டின் பின்புறத்தில் சிறு முற்றம் ஒன்று இருந்தது. அங்கே மூன்று வெடைக்கோழிகளும், அவற்றோடு ஒரே நாளிற் பொரித்த இளஞ்சேவல் ஒன்றும் வளர்ந்தன. ஏப்ரல் திங்களின் நடுவில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முட்டையிடத் தொடங்கின. முதல் முட்டை முதற்கொண்டே ஆசையோடு சேர்த்தோம். பன்னிரண்டு நாளில் சமையலறைப் பரணில் பதினொரு முட்டைகள் சேர்ந்தன. அடுத்த வீட்டில் இருந்த பூர்ணியா மாவட்டத்து மூதாட்டியை அப்பகுதியில் அனைவரும் 'மாஜி' என்றே அழைப்பர். அவர் வீட்டுக் கோழி ஒன்று அப்பொழுது அடைக்குக் கிடந்தது. அதனைக் கேட்டு வாங்கி, நல்ல வெயிற் காலத்தில் அடை வைத்தோம். இருபத்தொரு நாள் கழிந்து வெளிவந்தவை இரண்டே குஞ்சுகள். அவற்றுள் ஒன்று மூன்றாம் நாள் மடிந்தது.

மிஞ்சிய ஒன்பது முட்டைகளையும் மாஜி முற்றத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார். ஐந்தில் கருவின் சுவடே இல்லை. மஞ்சட்கரு தளர்ந்திருந்ததே தவிர வேறு மாற்றம் காணவில்லை. நான்கில் குருதிக் கோடுகள் தோன்றிப் பின் கறுத்துப் போயிருந்தன. "மகனே, குழந்தையையே தாயாக்கப் பார்த்தாயே!" என்று அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சேவல் எங்கே என்று கேட்டார், காட்டினோம். அது தன் உடன்பிறந்த பெட்டைகளுக்கு நடுவே, இன்னும் முழுக்குரல் வராத தொண்டையோடு, கூவுவதற்குப் பழகிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறோம். பொரிக்காமற்போன முட்டையை நாம் கூழ்முட்டை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு வகை அடங்கியுள்ளது. ஒன்று, தொடக்கத்திலேயே கரு அமையாத முட்டை. மற்றொன்று, கரு அமைந்து, பின்னர் மடிந்துபோன முட்டை. முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் சேவல். பின்னதற்குக் காரணம் பெட்டையின் இளமையாகவோ, முட்டையை நாம் வைத்திருந்த விதமாகவோ இருக்கலாம். நோயை அறியாமல் மருந்து கொடுப்பதுபோல, இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் சேவல் குற்றத்திற்குப் பெட்டையை விற்றுவிடுவர். ஆங்கிலத்தில் வளமான நிலத்திற்கும் கருவுள்ள முட்டைக்கும் ஒரே அடைமொழி வழங்குவதால், ஒரு துண்டு வெளியீட்டின் முதல் வரைவில் 'செழிப்பான முட்டைகளைத் தேர்ந்தெடுக்க' என்று எழுதப்பட்டிருந்ததையும் கண்டோம். படிப்பவர் பெரிய முட்டைகளாகப் பொறுக்கியிருப்பார்! இக்கட்டுரையில் கருவுள்ள முட்டை, கருவற்ற முட்டை, கரு மடிந்த முட்டை என்று மூன்றாகவே பிரித்துச் சொல்வோம்.

பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டுவதில்லை. கடைகளில் தட்டுத் தட்டாக விற்கும் பண்ணை முட்டைகள் சேவலைக் காணாத கோழிகள் இட்டவை. அவற்றை எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரியா. சேவலோடு சேர்ந்த பெட்டையின் உடலிலோ, விந்தணுக்கள் மிக நுண்ணிய குழல்களில் தங்கிப் பல நாள் உயிரோடிருக்கின்றன. சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து கருவுள்ள முட்டைகள் கிடைக்கத் தொடங்கும். பத்துப் பதினான்கு நாள் வரை நன்றாகக் கிடைக்கும். பின்னர் விரைவாகக் குறையும். எனவே சேவலை மாற்றியவர்கள், புதிய சேவலின் குஞ்சே வேண்டுமென்றால் மூன்று வாரம் பொறுத்துப் பிறகு முட்டை சேர்ப்பது நலம்.

மஞ்சட்கரு சூலகத்தினின்று விடுபட்டுக் கால்மணி நேரத்திற்குள்ளாகவே கருவுறுதல் நிகழ்ந்துவிடுகிறது. அதன் பிறகே வெண்கரு சூழ்கிறது, சவ்வு படிகிறது, ஓடு அமைய மட்டும் இருபது மணி நேரம் ஆகிறது. அந்நேரமெல்லாம் தாயின் உடற்சூட்டில் கரு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நம் கையில் வெதுவெதுப்போடு கிடைக்கும் முட்டைக்குள் இருப்பது வெறும் விதையன்று. ஒரு நாள் வளர்ந்து பல்லாயிரம் உயிரணுக்களைக் கொண்டுவிட்ட சிற்றுயிர். முட்டை குளிர்ந்ததும் அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குகிறது. இவ்வுறக்கம் கலையாமலும், உறக்கத்திலேயே உயிர் பிரியாமலும் காப்பதுதான் அடை வைக்கும்வரை நமக்குள்ள பொறுப்பு.

ஓட்டைப் பார்த்து உள்ளே கரு உண்டா இல்லையா என்று சொல்ல எவராலும் இயலாது. நீண்ட முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்பதும் வீண் நம்பிக்கை. நீரில் இட்டுப் பார்ப்பது முட்டையின் வயதைக் காட்டுமேயன்றிக் கருவைக் காட்டாது. அடைக்குரிய முட்டையை நீரில் நனைப்பதே தவறு. ஆனால் கூட்டத்தின் நிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சமையலுக்கு எடுக்கும் முட்டைகளை ஒரு தட்டில் மெதுவாக உடைத்து, மஞ்சட்கருவின் மேலுள்ள வெண்புள்ளியை உற்றுப் பார்க்க வேண்டும். கருவற்றதாயின் புள்ளி சிறியதாய், அழுத்தமான வெண்மையாய், ஓரம் ஒழுங்கற்றிருக்கும். கருவுள்ளதாயின் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், நடுவில் தெளிவாய், சுற்றிலும் வெண்வளையமாய்த் தோன்றும். நான்கைந்து முட்டைகளில் தொடர்ந்து வளையம் காணப்பட்டால், அச்சேவல் தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம். இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை, ஆம்லெட்டும் கெடுவதில்லை.

இனி வெடைக்கோழியின் முட்டைக்கு வருவோம். முட்டையிடத் தொடங்கிய முதற் சில வாரங்களில் அதன் உடல் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ஒரு நாள் புறா முட்டையளவில் மஞ்சட்கருவே இல்லாத முட்டை வரும். மற்றொரு நாள் இரண்டு மஞ்சட்கருக் கொண்ட பெரிய முட்டை வரும். இரட்டைக் கரு இரட்டைக் குஞ்சாகும் என்று ஆசைப்படுவோர் உளர். அவ்வாறு பொரிப்பது அரிதினும் அரிது. இரண்டு குஞ்சுகள் வளர்வதற்கு அந்த ஓட்டுக்குள் இடமும் இல்லை, காற்றும் இல்லை. ஒழுங்கான வடிவில் வரும் முதல் முட்டைகளுங்கூடச் சிறியவை. அவற்றின் ஓடு தடித்தது; வெண்கரு கெட்டியானது. இவை சமையலுக்கு நற்குணங்கள். ஆனால் வளரும் கருவுக்குக் காற்று எளிதிற் செல்ல இவை தடையாகின்றன. முதல் ஓரிரு நாட்களிலேயே கரு மடிவது இளங்கோழிகளின் முட்டைகளில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

குஞ்சின் அளவும் முட்டையின் அளவைப் பொறுத்ததே. பொரித்த குஞ்சின் எடை, முட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் வெடைக்கோழிகளின் முதல் முட்டைகளைச் சமையலறைத் தராசில் நிறுத்தபோது 36 கிராம் இருந்தன. அத்தகைய முட்டை தருவது 24 கிராம் குஞ்சு. அதே கோழிகள் பின்னர் இட்ட 51 கிராம் முட்டைகளிலிருந்து 34 கிராம் குஞ்சுகள் வந்தன. பத்துக் கிராம் என்பது நமக்கு ஒரு பொருளன்று. குஞ்சுக்கோ முதல் வாரத்தின் குளிரையும் பட்டினியையும் தாங்குவதற்குரிய கைமுதல் அதுவே. மூன்றாம் நாள் மடிந்த எங்கள் குஞ்சு இதற்குச் சான்று.

அப்படியானால் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும்? வாரக் கணக்கைவிட முட்டையின் எடையையே அளவாகக் கொள்ளுதல் பொருந்தும். சிறிது சிறிதாகப் பெருகிவரும் எடை ஒரு நிலையில் வந்து நிற்கும். ஒரே கோழி அடுத்தடுத்து இடும் முட்டைகள் அளவிலும் வடிவிலும் ஒத்திருக்கும். பெரும்பாலான கோழிகளுக்கு இந்நிலை வர இரண்டு மூன்று திங்கள் ஆகும். நாட்டுக்கோழியின் முட்டை இயல்பாகவே 40 கிராம் அளவினது. அதற்குச் சீமைக்கோழியின் அளவை எதிர்பார்ப்பது முறையன்று. அந்தந்தக் கோழி வழக்கமாக இடும் அளவுக்கு மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் விலக்கி, நடுத்தரமானதை எடுப்பதே வழி. விலக்கியவை வீணாவதில்லை; அவை குழந்தைகளின் உணவாகட்டும். கீறல் விட்டதும், ஓடு மெலிந்ததும், சுருக்கமோ மேடுபள்ளமோ உள்ளதும் விலக்கத் தக்கவையே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெட்டையின் வயதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். சேவலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது நம் குறை. முட்டையிடத் தொடங்கிய நாளில் வெடைக்கோழி சேவலுக்கு அஞ்சி ஓடும். சேவலை அருகில் கண்டதும் பதுங்கி அமரப் பழகிய பின்னரே முட்டைகளில் கரு ஒழுங்காகக் காணப்படும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. இரண்டு சேவல்கள் இருந்தால் ஒன்றையொன்று விரட்டுவதிலேயே பொழுது போய்விடும். அசீல் இனத்துச் சேவல்களை ஒரே முற்றத்தில் விட்டவர்களுக்கு இது நன்கு தெரியும். பெருத்த கிழச்சேவலைச் சிறு வெடைக்கோழிகளோடு விடுவதும் கூடாது. அதன் குதிமுள் பெட்டையின் முதுகைக் கிழித்துவிடும்.

இவற்றினும் பெரிய கேடு உறவு. கொல்லையில் திரியும் சேவல் பெரும்பாலும் அப்பெட்டைகளின் உடன்பிறப்பாகவோ தந்தையாகவோ இருக்கிறது. நல்ல சேவல் என்று அதையே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறோம். தலைமுறைக்குத் தலைமுறை இவ்வாறு நெருங்கிய உறவிலே இனவிருத்தி செய்தால், முதலிற் குறைவது பொரிக்கும் திறனே. கருவற்ற முட்டைகள் கூடும். கரு அமைந்தவற்றிலும் பல மடியும். பொரித்த குஞ்சும் நோஞ்சானாக இருக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. வேறோர் ஊரில் நல்ல நிலையிலுள்ள சேவலைக் கொணர்ந்து, நம் சேவலை அங்கே அனுப்பிவிடலாம். ஒரு காசும் கைமாறாமல் இரண்டு ஊர்களும் பயனடையும். புதிதாக வந்த சேவலை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, நோயின்மையைக் கண்ட பிறகே கூட்டத்தில் விட வேண்டும். இந்நாளில் வனராஜா, கிராமப்பிரியா முதலிய அபிவிருத்தி செய்த கோழிகளைப் பலர் வளர்க்கின்றனர். இவை ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பின முறையில் உருவாக்கப்பட்டவை. அவற்றின் முட்டைகளும் பொரிக்கும். ஆயினும் பிறக்கும் குஞ்சுகள் பெற்றோரைப் போலவே அமையுமென எதிர்பார்க்கலாகாது.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். தாய் உண்ணாத சத்து முட்டையில் இராது. பசுந்தழை, முருங்கைக்கீரை, வட இந்தியாவாயின் பர்சீம் புல், மோர், கிளிஞ்சற்பொடி ஆகியவை அடை முட்டை சேர்ப்பதற்குச் சில வாரம் முன்னிருந்தே கிடைக்கச் செய்தல் வேண்டும். தவிட்டை மட்டும் தின்ற கோழியும் முட்டையிடும்; ஆனால் உயிர்ச்சத்துக் குறைவால் கரு நடுவிலே மடியும். நோயுற்ற கோழியின் முட்டையை அடைக்கு வைக்கவே கூடாது. சில நோய்கள் தாயினின்று முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்கின்றன.

அடுத்தது வெப்பம். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் மால்பீகி என்ற பேரறிஞர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் முட்டைக் கருவை ஆராய்ந்து, 1672இல் தம் முடிவுகளை எழுதினார். அடைகாக்காத முட்டையிலும் குஞ்சின் உருவம் தொடங்கியிருப்பதைக் கண்டதாக அவர் குறித்தார். இதைக் கொண்டு, உயிர் முழு உருவத்தோடு முட்டைக்குள் முன்பே அடங்கியிருக்கிறது என்று வாதித்தோர் பலர். பின்னர் வந்தோர் கூறிய விளக்கம் எளியது: அது கடுங்கோடைக்காலம், வெயிலின் சூடே முட்டையை ஓரளவு அடைகாத்துவிட்டது! இத்தாலியின் கோடைக்கே அந்நிலை என்றால், தில்லியின் மே மாதத்தை என்னென்பது? எங்கள் பரணில் பகற்பொழுதில் 38 டிகிரி இருந்திருக்கும். முட்டை ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தாற்றான் கரு அசைவற்று உறங்கும். 27 டிகிரிக்கு மேல் சென்றால் அரைகுறையாக வளரத் தொடங்கும். இரவில் குளிர்ந்தால் நிற்கும். மறுநாள் மீண்டும் தொடங்கும். இவ்வாறு அலைக்கழிந்த கரு, அடையில் வைத்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே மடிந்துவிடும். நான்கு முட்டைகளில் நாம் கண்ட கறுத்த குருதிக் கோடுகளின் கதை இதுவே.

ஆகையால் வடநாட்டில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களும், மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் அடை வைக்க ஏற்றவை. அக்காலத்திலும் முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைத்தல் நன்றன்று. கோடையில் வைத்தே தீரவேண்டுமாயின் மூன்று நான்கு நாளோடு நிறுத்திக்கொள்க. நாளுக்கு இரண்டு மூன்று தடவை முட்டைகளை எடுத்துவிட வேண்டும். ஈரமணலின் மீது வைத்த மண்பானைக்குள் உமியோ தவிடோ பரப்பி, அகன்ற முனை மேலாக இருக்கும்படி முட்டைகளை அடுக்கி, காற்றுப்புகும் துணியால் மூடி, நிழலான மூலையில் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிர் பல நாள் பட்டால் கருவுக்கு ஆகாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. நுண்கிருமிகள் புகாமல் காப்பது அதுவே. கழுவினால் அது போய்விடும். ஆகவே அழுக்கான முட்டையைக் கழுவி வைப்பதைவிட, கூட்டின் வைக்கோலை அடிக்கடி மாற்றி, முட்டை அழுக்காகாமற் பார்ப்பதே சிறந்தது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் இட்ட நாளைக் குறிக்க வேண்டும். வெளியூரிலிருந்து பேருந்தில் கொணர்ந்த முட்டைகளை ஒரு நாள் அசையாமல் வைத்திருந்து பிறகு அடை வைப்பது வழக்கம்.

அடை வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டைகளைப் பார்க்க வேண்டும். மாஜி தடித்த காகிதத்தைக் குழல்போற் சுருட்டி, ஒரு முனையில் மின்பொறி விளக்கையும் மறு முனையில் முட்டையையும் பொருத்திப் பார்ப்பார். இன்று கைப்பேசியின் விளக்கே போதும். நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்கள் போல் நாற்புறமும் ஓடும் சிவந்த நரம்புகளும் தெரிந்தால் உயிருள்ள கரு. ஒன்றும் தெரியாமல் ஒரே வெளிச்சமாயிருந்தால் பெரும்பாலும் கருவற்றது. ஒரு சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு மடிந்தது. கணக்கு வைத்துக்கொள்வது இங்கேதான் பயன்படுகிறது. வெளிச்ச முட்டைகள் மிகுந்தால் சேவலைப் பார்க்க வேண்டும். வளைய முட்டைகள் மிகுந்தால் முட்டையை வைத்திருந்த இடத்தையும், நாளையும், கோழியின் வயதையும் பார்க்க வேண்டும். இரு வகையையும் அன்றே அகற்றிவிட்டால், எஞ்சியவற்றுக்குத் தாயின் சூடு நன்றாகக் கிடைக்கும். அழுகிய முட்டை வெடித்து மற்றவற்றைக் கெடுக்கும் அபாயமும் நீங்கும்.

அவ்வாண்டு அக்டோபரில் எங்கள் கோழிகளுக்கு ஓராண்டு நிரம்பியிருந்தது. உடன்பிறந்த சேவலை அகற்றி, நஜஃப்கட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மாஜி வருவித்த செஞ்சேவலை ஒரு திங்களுக்கு முன்பே விட்டிருந்தோம். ஆறு நாளிற் சேர்ந்த முட்டைகளுள் பத்தைத் தேர்ந்து, மாஜியின் பழைய அடைக்கோழிக்கே வைத்தோம். ஏழாம் நாள் ஒன்றில் வெறும் வெளிச்சமும், ஒன்றில் வளையமும் கண்டு எடுத்துவிட்டோம். இருபதாம் நாள் மாலையில் முதல் ஓட்டில் விரிசல் தோன்றியது. மறுநாள் நாம் அலுவலகத்திற்குப் புறப்படுவதற்குள் ஏழு குஞ்சுகள் உலர்ந்து, தாயின் இறக்கைக்குக் கீழிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தன. எட்டாவது முட்டையில் துளை விழுந்திருந்தது; அக்குஞ்சு நண்பகலில் வெளிவந்ததாக மாலையில் மாஜி கூறினார்.